தையல்காரம்மாவின் நாற்பத்தொரு பற்கள்

1

இந்தக் கதையை எழுத எனக்கு அனுமதி கொடுத்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என்ன வேணா எழுதிக்கோ. நான் மட்டும் அதுல வரக்கூடாது." ஆகவே அவர் வரமாட்டார். தப்பித் தவறி எங்காவது எட்டிப் பார்த்தால் அது என் கைப்பிழை. கண்டும் காணாததுபோலப் போய்விடுங்கள்.

கதை பிறந்தது இப்படி. எங்கள் தெருக்கோடியில் உள்ள மிஷன் மருத்துவமனைக்கு ஐம்பது வயது ஆகிறது. விழா மலருக்கு ஐயாவைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் வந்து கேட்டார். ஐயா என்றால் கடல் கடந்து வந்து அந்த மருத்துவமனையைக் கட்டி, முப்பத்துநான்கு வருஷம் வைத்தியமும் ஊழியமும் பார்த்து, பதினாறு வருஷத்துக்கு முன் இங்கேயே அடக்கமான மிஷனரி டாக்டர்.

"ரெண்டே பக்கம் சார். நல்லதா நாலு வார்த்தை. உங்களுக்கு அது என்ன பெரிய காரியம்" என்றார் போதகர்.

சம்மதித்துவிட்டேன். அன்று மாலை எழுதிய முதல் வரிகள் கீழே. ஒளித்து வைக்க எனக்கு ஒன்றுமில்லை.

'அலைகடல் தாண்டி வந்த அன்பின் தூதர்' (அடித்துவிட்டேன். இந்த வரி எல்லா விழா மலர்களிலும் இருக்கிறது. பஸ்ஸில் வந்த தூதர்களுக்கும் இதையே போடுகிறார்கள்.)

'கப்பலிலிருந்து இறங்கியபோது ஐயாவின் ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் பல் பிடுங்கும் குறடும் இருந்தன.' (குறடு உண்மை. கப்பல் பொய். மனிதர் விமானத்தில் வந்தார்.)

'ஐயா தன் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை. ஆனால்

(இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் இரண்டு பக்கம் பத்தவில்லை.)

2

ஐயாவுக்கும் பொய்க்கும் ஆகாது. "வலிக்குதா?" என்று கேட்டு, நோயாளி வீராப்பாக "இல்லை" என்றால், "வெளிய போய் உக்காந்து யோசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். வாசல் பெஞ்சில் எப்போதும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து தங்கள் வலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

நம் மொழியை அவர் நோயாளிகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்.* அதனால் அவருக்குத் தெரிந்த சொற்களெல்லாம் சுருக், சுரீர், விண்விண், குடைச்சல். பிரசங்கத்திலும் அதுவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஆண்டவரைத் தினமும் மூணு வேளை நினைச்சா எல்லாம் சரியாகும்" என்று சொல்ல, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா ஐயா?" என்று பணிவாகக் கேட்டார். முப்பத்துநான்கு வருஷத்தில் சபையில் சேர்ந்தது பதினொரு குடும்பம். அவற்றில் மூன்று, முதலில் மழைக்கு ஒதுங்கியவை.

இதை ஐயாவே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவரை அனுப்பிய தாய்ச் சபையில் சிரிக்க முடியாது. அங்கே மாதாமாதம் ஒரு படிவம் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'இந்த மாதம் ஜெபத்திற்குரிய ஒருவர்.' அதைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும்.

முதல் மாதம் ஐயா உள்ளதை உள்ளபடி எழுதினார். தபால்காரருக்குக் குடலிறக்கம், நல்ல மனிதர், ஜெபியுங்கள். தாய்ச் சபையில் உருகிப்போனார்கள். அறுபத்திரண்டு பேர் தபால்காரருக்கு ஆறுதல் எழுதினார்கள். எல்லாம் தபால் கார்டில். கார்டு என்றால் மூடி கிடையாது. மூட்டை பிரித்தவர், முத்திரை குத்தியவர், போஸ்ட் மாஸ்டர் என்று மொத்த ஆபீஸும் படித்து முடித்த பிறகு, அறுபத்திரண்டையும் தபால்காரரே தன் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவர் ஐயாவின் அறைக்குள் செருப்போடு நுழைந்தார்.

"ஏன் ஐயா, என் குடலைப் பத்தி ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதுவீங்களா? போஸ்ட் மாஸ்டர் பொண்டாட்டி 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேக்குறாங்க. நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டு அந்தத் தெருவுல நடப்பேன்?"

அதன் பிறகு அவர் வைத்தியத்துக்கு வரவில்லை. விஷயம் பரவி வேறு யாரும்கூட வரவில்லை. இரண்டு வாரம் வாசல் பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஐயா தனியாக உட்கார்ந்து குறடைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படிவம் வந்தது. கட்டம் காலியாக இருந்தது. ஐயா நீண்ட நேரம் அதையே பார்த்துவிட்டு, இப்படி எழுதினார்: 'தையல்காரம்மா. வயது நாற்பது. குடும்பம் இல்லை. பல்வலி.'

அப்படி ஒருவர் ஊரில் கிடையாது.

(* ஐயா எந்த மொழி பேசினார், தாய்ச் சபை எந்த மொழியில் எழுதியது என்று கேட்பீர்கள். என் கதையில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அது கஷ்டமாக இல்லை.)

3

எனக்கு இங்கே கொஞ்சம் வயிற்றெரிச்சல். சொல்லிவிடுகிறேன்.

நானும் இருபது வருஷமாகக் கதாபாத்திரங்களை உண்டாக்கி அலுத்துப்போனவன். என் கதாநாயகி ஒருத்தி மூன்றாம் பக்கத்தில் இருமினாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒரு வாசகர்கூடக் கேட்டதில்லை. ஐயாவோ கதை எழுதத் தெரியாத மனிதர். 'வானம் மேகமூட்டமாக இருந்தது' என்றுகூட எழுதமாட்டார். அவருடைய தையல்காரம்மாவுக்காக ஒரு சபையே மண்டியிட்டது.

தையல்காரம்மாவைப் பற்றி ஐயா எழுதியவை மொத்தம் நானூற்றேழு கடிதங்கள். நகல்களை மருத்துவமனை அலமாரியில் பார்த்தேன். யாருடைய நோயையும் ஐயா வெளியே விடவில்லை. எல்லாவற்றையும் தையல்காரம்மா தலையிலேயே கட்டினார். இடது கால் இரண்டு முறை முறிந்தது, வலது கால் ஒரு முறை. குடல்வால் அழற்சி என்று அறுத்து எடுத்தது இரண்டு தடவை. மருத்துவம் படித்தவர் எப்படி இப்படி எழுதினார் என்று கேட்காதீர்கள். முதல் குடல்வால் எழுதிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது, பாவம், மறந்துவிட்டார். பிடுங்கிய பற்களை மட்டும் நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

(கண்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

ஒரே ஒரு முறை ஐயாவுக்கு மனசாட்சி உறுத்தி, அவரை முடித்துவிடலாம் என்று 'தையல்காரம்மா மரணப்படுக்கையில்' என்று எழுதினார். தாய்ச் சபை உபவாசம் இருந்தது. நூற்றுப்பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. அடுத்த மாதம் தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சபையில் ஸ்தோத்திரம். ஐயா பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இது பொய்யா, கதையா? எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். கதை எழுதுபவன் அட்டையிலேயே 'சிறுகதை' என்று போட்டுவிடுகிறான். ஐயாவின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இந்தத் தீர்ப்பில் எனக்கே முழுத் திருப்தி கிடையாது. மேலே போவோம்.

4

இனி நர்ஸ். கதை அவர் தோளில்தான் நிற்கிறது.

ஐயாவோடு பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். இன்றும் வார்டு அவர் பொறுப்பு. நடக்கும்போது சத்தம் வராது. சாவிக் கொத்தை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம் அவருக்கு இடது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. (இது எதற்கு இப்போது என்று கேட்காதீர்கள்.)

தையல்காரம்மாவின் ரகசியம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஐயா கடைசியாகப் படுத்திருந்தபோது சொன்னாராம்: "யாராவது நேர்ல வந்து கேட்டா, பொய் சொல்லிடாதே. ஆனா யாரோட நோயையும் வெளிய சொல்லிடாதே."

"சரி ஐயா" என்றார் நர்ஸ். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. பதினாறு வருஷம் யாரும் வரவில்லை.

இந்த வருஷம் பொன்விழா அழைப்பு போனதும் தாய்ச் சபையிலிருந்து ஒரு பெண்மணி பதில் போட்டார். வயது எண்பத்துநான்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐயாவின் முதல் கடிதத்திலிருந்து தையல்காரம்மாவுக்காகத் தினமும் ஜெபித்தவர், வருஷத்துக்கு ஒரு பார்சல் நிறையக் கம்பளி சாக்ஸ் பின்னி அனுப்பியவர். வியர்த்துக் கொட்டும் இந்த ஊருக்குக் கம்பளி சாக்ஸ்! ஆனால் ஐயா ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. கண் ஆபரேஷன் ஆனவர்கள் கட்டுப் போட்ட கண்ணோடு தட்டுத் தடுமாறி நடந்து, இரும்புக் கட்டிலில் கால் விரலை இடித்துக்கொண்டு அலறுவார்கள். சாக்ஸ் மாட்டிவிட்ட பிறகு அந்த அலறல் நின்றது.

'தையல்காரம்மா நலமா? நான் வந்தால் பார்க்கலாமா?' என்று சாக்ஸ் அம்மா எழுதியிருந்தார். கடிதம் போதகர் கையில் கிடைத்தது. அவர் புதிதாக வந்தவர். யாரிடமும் கேட்காமல், அலமாரியில் முதல் நகலை மட்டும் புரட்டித் தொண்ணூறு வயதுக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று பதில் அனுப்பிவிட்டார். ஐயா முப்பத்துநான்கு வருஷம் செய்யத் துணியாததை இவர் ஒரே வரியில் செய்தார்.

உடனே மறு கடிதம்: 'அப்படியானால் கல்லறையையாவது பார்க்க வருகிறேன்.'

போதகர் நர்ஸிடம் ஓடினார்.

"சிஸ்டர், தையல்காரம்மா கல்லறை எங்க இருக்கு?"

"அப்படி ஒருத்தர் கிடையாது பாஸ்டர்."

நர்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். போதகர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் ஐயாவின் படம், பொன்விழா, மலர், மேடை எல்லாம் வரிசையாகச் சரிந்ததை நர்ஸ் பார்த்தார்.

"சுவரோரமா ஒரு கல் இருக்குல்ல? பேர் அழிஞ்சு போனது? அதைக் காட்டிடலாம் சிஸ்டர்."

"அது யாரோட கல்லறை?"

"யாருக்கும் தெரியாது. அதனாலதான் சொல்றேன்."

"ஐயாவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன் பாஸ்டர்."

"ஐயா பேரைக் காப்பாத்தத்தானே சொல்றேன்! நீங்க உண்மையைச் சொன்னா, அந்தம்மா ஊருக்குப் போய் என்ன சொல்வாங்க? முப்பத்துநாலு வருஷம் ஏமாத்தினாருன்னுதானே?"

தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர் நர்ஸ். ஐயாவை யாராவது ஏமாற்றுக்காரர் என்று சொல்வதைக் கேட்கும் அளவுக்கு அவருக்குத் தெம்பு கிடையாது. வாக்கைக் காப்பாற்றினால் ஐயாவின் பெயர் போகும். பெயரைக் காப்பாற்றினால் வாக்கு போகும். அன்று அவர் வார்டில் ஒரே படுக்கை விரிப்பை மூன்று தடவை மாற்றினார்.

5

சாக்ஸ் அம்மா வந்த நாள். போதகர் அரைகுறையாகச் சொன்னதை வைத்து நான் எழுதிவைத்த காட்சி இது.

கையில் பூக்கொத்து, தோளில் ஐயாவின் கடிதங்கள் அடங்கிய பை. போதகர் முன்னால் நடந்து, சுவரோரக் கல்லைக் காட்டி, தொண்டையைச் செருமி, "இங்கதான்" என்றார். சாக்ஸ் அம்மா கல்லைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இவங்கதானா?"

நர்ஸ் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பிறகு வார்த்தையும் வந்தது.

"இல்லைங்கம்மா. தையல்காரம்மான்னு ஒருத்தர் இருந்ததே இல்லை."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா, தப்பிக்கும் வழியா என்று எனக்குத் தெரியாது.

"தெரியும்" என்றார் சாக்ஸ் அம்மா. "இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும்."

பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்தார். "இது ஏழாம் வருஷம், வலது கண்ணுல புரை, ஆபரேஷன். இது பதினாறாம் வருஷம், இடது கண். சரி. இது இருபத்தஞ்சாம் வருஷம். மறுபடியும் புரை, மறுபடியும் இடது கண், மறுபடியும் புதுசா ஆபரேஷன். நான் கண்ணாடிக் கடையில வேலை பார்த்தவம்மா. எங்க கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் ரெண்டு கண்ணுதான்."

"அப்புறம் ஏம்மா விடாம ஜெபம் பண்ணீங்க?"

"மூணாவது கண்ணு யாருக்கோ வலிச்சிருக்கும்ல?"

அப்போது நர்ஸ் சொன்னார்: "அந்த மூணாவது கண்ணு என்னோடதுதாம்மா." சாக்ஸ் அம்மா பூக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, நர்ஸின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்காரு" என்றார். இருவரும் கட்டிக்கொண்டு

(நன்றாக இருக்கிறது அல்லவா? எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பெருமையோடு நர்ஸிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.)

6

"சார், என் கண்ணுல இதுவரைக்கும் ஒரு தூசுகூட விழுந்ததில்லை" என்றார் நர்ஸ்.

"கதைக்காகத்தான் சிஸ்டர்."

"கதைக்கு வேற யாரோட கண்ணும் கிடைக்கலையா?"

கிடைத்திருந்தது. அதுதான் பிரச்சினை. நான்காம் பகுதியில் நர்ஸுக்கு ஓர் ஆபரேஷனைச் செருகியவன் நான். செருகச் சொன்னவர் நிபந்தனைக்காரர்: "அந்தக் கண்ணை அந்த நர்ஸுக்கு வச்சிடேன், யாருக்கும் தெரியாது." ஐயா நானூற்றேழு தடவை செய்ததை நானும் ஒரு தடவை செய்துவிட்டேன். அவராவது கட்டத்தை நிரப்புவதற்காகச் செய்தார். நான் கைதட்டலுக்காகச் செய்தேன்.

உண்மையில் அங்கே நடந்ததை நர்ஸ் சொன்னார். மூணாவது கண் வரைக்கும் என் காட்சி சரிதான். அதற்குப் பிறகு சாக்ஸ் அம்மா கேட்டிருக்கிறார்.

"அந்தக் கண்ணு யாரோடது?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா. ஐயாவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

"சரி, சொல்ல வேண்டாம். இப்ப எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."

"நல்லா இருக்கும்மா. பொடி எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாமப் படிக்கிறாங்க."

சாக்ஸ் அம்மா அந்தப் பெயரில்லாத கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதாராம். ஐயாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையாம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செத்துட்டாங்கன்னு பதில் வந்ததும் அந்தக் கண்ணுக்காரங்கதான் போயிட்டாங்கன்னு நினைச்சேன். இருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒரு ஜோடி பின்னிட்டு வந்திருப்பேன். கல்லறைக்கு எதுக்கு சாக்ஸ்னு பூ வாங்கிட்டு வந்தேன்" என்றாராம். கொஞ்சம் பொறுத்து, "கால் அளவு தெரியுமா?" என்றும் கேட்டாராம்.

"அதையும் சொல்லக் கூடாதும்மா" என்றிருக்கிறார் நர்ஸ்.

சாக்ஸ் அம்மா பூவை அந்தக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு, முகவரியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, நான்கு நாளில் ஊருக்குத் திரும்பிவிட்டார். போதகர் தன் விழா உரையில் தையல்காரம்மா பக்கமே போகவில்லை. இதுதான் நடந்தது. விழா மலருக்கு இது ஆகாது. மலருக்கு 'அலைகடல் தாண்டி வந்த அன்பின் தூதர்' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். போதகருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

7

நிபந்தனைக்காரர் என் அம்மா.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அம்மா ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தார். கண் மங்கிய ஒருவரை அங்கே அந்த வருஷம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவின் பத்து விரலில்தான் அடுப்பு எரிந்தது. "அக்கா வீட்டுக்குப் போறேன், ரெண்டு வாரத்துல வந்துடுவேன்" என்று அலுவலகத்தில் சொன்னார். எனக்கும் அதையே சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பெரியம்மா வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை என்று, திரும்பி வந்தவரிடம் நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். தெருக்கோடி வார்டில் கண்ணைக் கட்டிப் படுத்திருந்தார் என்று, போன மாதம் மலருக்காக ஐயாவைப் பற்றி நான் கேட்டபோது அம்மாவே சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இல்லை, அவரே வாங்கிப் படித்தார், கண்ணாடி இல்லாமல். படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"கண்ணு எப்படி இருக்குன்னா கேட்டாங்க?"

"ஆமாம்மா."

"திட்டலையா? இவ்வளவு தூரம் வந்து, ஆளைக்கூடப் பாக்காமப் போயிருக்காங்களே."

"நீங்கதானே யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க?"

அம்மா என்னை முறைத்தார். இரண்டு கண்ணாலும். பிறகு அலமாரியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறக் கம்பளி சாக்ஸ், ஒன்றே ஒன்று. "இன்னொன்னு கிழிஞ்சு போச்சு" என்று குற்றம் செய்தவர்போலச் சொன்னார்.

"அந்தம்மா விலாசம் சிஸ்டர்கிட்ட இருக்கும்ல? பேனாவைக் குடு."

இந்த இடத்தில் உங்களுக்கு அந்தக் கடிதத்தைத் தர வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அம்மா மன்னிப்புக் கேட்டார். ஒன்றில் நன்றி சொன்னார். மூன்றாவதில் சும்மா, 'நான்தான் அந்தக் கண்' என்று மட்டும் எழுதினார். மூன்றையும் கிழித்துப் போட்டேன். அம்மா உண்மையில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பரீட்சை எழுதும் பிள்ளைபோல இடது கையால் தாளை மறைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தபோது, "போடா அந்தப் பக்கம்" என்று விரட்டினார். ஆகவே கடிதத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் யாருக்காவது எழுதாமல் விட்டது ஒன்று இருக்கும்.

உறையை ஒட்டும்போது மட்டும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சம். நான் இதுவரை அவரிடம் பார்க்காதது.

"கடைசியில என் கால் அளவையும் எழுதியிருக்கேன். அது ஒண்ணும் தப்பில்லையே?"

பதிலை நீங்கள் சொல்லுங்கள். நான் தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டு வருகிறேன்.